இரட்டைப் பூட்டுக்குள் செத்த விஷம்

என் பணிக்காலத்தில் என் பொறுப்பில் இருந்த பொருள் எதுவும் தொலைந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் பேசியவர்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். தொலையவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு பொருள், வைத்த இடத்திலேயே, இரண்டு பூட்டுகளுக்குப் பின்னால், பதிவேட்டில் வரிசை எண்ணோடு, செத்துப்போனது. அதை மேடையில் யாரும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில், பாலாற்றை ஒட்டி, தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை ஒன்று சின்ன ஆராய்ச்சிக்கூடம் நடத்தியது. அவர்களில் ஒருவருடைய மகன் ரத்தப் புற்றுநோயில் இறந்திருந்தான். அதனால் கட்டடத்தின் ஒரு பாதியில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரையும் மறுபாதியில் புற்றுநோயையும் ஆராய்ந்தார்கள். இரண்டு பாதிக்கும் சேர்த்து ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு நான். பொருளாதாரத்தில் எம்.ஏ. விஞ்ஞானம் தெரியாது என்பதை ஒரு குறையாக நான் கருதியதில்லை. விதி தெரியும். விதி தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் தானாகத் தெரியவரும் என்பது அப்போதைய என் கொள்கை.

புற்றுநோய்ப் பாதியில் ஒரு பெண் டாக்டர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம். அப்பாவுக்கு ஆறு விசைத்தறி. அந்தத் தறிச் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, எதிரில் இருப்பவர் காது கேளாதவர் என்பதுபோல் உரக்கப் பேசுவாள். அவளுடைய உதவித்தொகை அக்டோபரோடு முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு சோதனை ஜெயித்துக் காட்ட வேண்டும். காட்டினால் பட்டம். இல்லையென்றால் நான்கு வருட உழைப்பை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சோதனைக்கு வேண்டிய பொருளுக்கு அவள் இண்டென்ட் சீட்டு கொண்டுவந்தபோது நான் வழக்கம்போலக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"ஏம்மா, கேன்சர் ஆராய்ச்சிக்குன்னு எழுதியிருக்கே. பட்டியல்ல பார்த்தா விஷம்னு போட்டிருக்கான்."

"விஷந்தான் சார். ஆனா பாதி விஷம்."

"பாதின்னா? எடையிலயா?"

"எடையில இல்ல சார். ஆமணக்குக் கொட்டையில ஒரு புரதம் இருக்கு. அதுக்கு ரெண்டு பாகம். ஒண்ணு, எந்த செல்லா இருந்தாலும் போய் ஒட்டிக்கும். இன்னொண்ணு உள்ள பூந்து கொன்னுடும். வெளிநாட்டுல ஒரு புரொபசர் ஒட்டிக்கிற பாகத்தை எடுத்துட்டு, கொல்ற பாகத்தை மட்டும் நமக்கு அனுப்புறேன்னிருக்கார். அது தனியா யாரு வீட்டுக்குள்ளயும் போகாது. கேன்சர் செல்லை மட்டும் அடையாளம் கண்டுபிடிக்கிற இன்னொரு புரதத்தை நான் அதோட சேர்க்கணும். சேர்த்தா நேரா அங்க போய்ச் சேரும்."

"அதாவது விலாசம் எழுதி ஒட்டி அனுப்புறே."

"கரெக்டு சார்! எங்க டைரக்டருக்குக் கூட இவ்ளோ சீக்கிரம் புரியல."

இந்தப் பாராட்டை நான் ஒரு வாரம் சுமந்து திரிந்தேன். வீட்டில் இரண்டு முறை சொன்னேன். ஆனால் பதிவேட்டில் பாதி விஷம் என்று எழுத இடமில்லை. விஷம், விஷமல்லாதது என்று இரண்டே பத்திதான். முழு விஷமாகவே பதிந்தேன்.

பொருள் வைகாசி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முந்தியே வந்து சேர்ந்தது. வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு திருவிழா. அந்த ஊர்க்காரர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். அந்தப் பெண் அந்த வியாழக்கிழமை காலையில்தான் பஸ் ஏறியிருந்தாள். செவ்வாய்க்கிழமைதான் வருவாள். டைரக்டர் மெட்ராஸில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே புகைந்துகொண்டிருந்த வெள்ளைக் கட்டி கொஞ்சம், அதற்கு நடுவில் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு கண்ணாடிக் குப்பி, ஒரு ரசீது, ஒரு கடிதம். எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். பெட்டிக்குள் பொதிந்து வந்த பொருள் என்ன ஆயிற்று என்று ஒரு பத்தி உண்டு. அதில் 'புகைந்து போனது' என்று எழுதினேன். அது ஏன் புகைந்தது, எதற்காக அவ்வளவு தூரம் அதைக் கட்டி அனுப்பினார்கள் என்று யோசிக்க அந்தப் பத்தியில் இடமில்லை. கடிதத்துக்கு வரவு எண் போட்டு, படிக்காமல், டைரக்டர் பார்வைக்கு வைத்தேன். மேலதிகாரி பெயருக்கு வந்த கடிதத்தை மேலதிகாரிக்கு முன்னால் படிப்பது முறையல்ல.

குப்பியை எங்கே வைப்பது? ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது, தாழ்வாரத்தில். அதற்குப் பூட்டில்லை. அதில் வாட்ச்மேனின் மோர்ச் சொம்பும் யாருடையதோ பூப் பொட்டலமும் இருந்தன. விஷத்தை மோருக்குப் பக்கத்தில் வைக்க நான் என்ன பைத்தியமா? விஷப் பொருள் இரட்டைப் பூட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டோர்ஸ் அறையில் சிவப்பு எழுத்தில் 'விஷம்' என்று எழுதிய இரும்பு அலமாரி இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்குப் பார்த்த ஜன்னல். கத்திரி வெயிலில் மத்தியானம் அதன் கைப்பிடியைத் துணி சுற்றிக்கொண்டுதான் திறக்க வேண்டும். துணி சுற்றிக்கொண்டே திறந்து, வைத்து, இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் டைரக்டர் மேஜையிலிருந்து கடிதம் சுருக்கொப்பத்தோடு திரும்பி வந்தது. இப்போது படிக்கலாம் என்பதால் படித்தேன். உலர்பனிக் கட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறோம், வந்தவுடன் குளிரில் வைக்கவும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. பதறவெல்லாம் இல்லை. உடனே குப்பியை எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டு, டப்பாவைப் பூட்டி, ஃபிரிட்ஜில் மோருக்குப் பின்னால் வைத்தேன். அரைமணி கழித்துத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. கடிதம் கேட்டது குளிர். குளிர் ஆயிற்று. என் கணக்கில் விஷயம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் நெற்றியில் திருவிழாக் குங்குமத்தோடு ஓடி வந்தாள்.

"சார், வந்துடுச்சாமே! ஃபிரிட்ஜ்ல வெச்சீங்களா சார்?"

"ஃபிரிட்ஜ்லதாம்மா இருக்கு. டப்பா போட்டுப் பூட்டி வெச்சிருக்கேன்."

"சார், நீங்க இருக்கறதாலதான் சார் நான் தைரியமா ஊருக்குப் போனேன்."

இதையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் பட்ட பாட்டை நான் அன்றாடம் பார்த்தேன். வெளிநாட்டுப் பொருளை, புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் புரதத்தோடு சேர்ப்பாள். சேர்த்ததைக் கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்கள்மேல் விடுவாள். இரண்டு நாள் கழித்துப் பார்ப்பாள். அவை முன்னைவிடச் செழிப்பாக இருக்கும். மறுபடி சேர்ப்பாள். மறுபடி செழிக்கும். சேர்க்கும் முறையை மாற்றினாள், அளவை மாற்றினாள், கடைசியில் கண்ணாடிச் சாமான்களை வேறு ஆள் கழுவக்கூடாது என்று தானே கழுவ ஆரம்பித்தாள். குப்பியில் இருந்தது சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. அவள் சாப்பாடும் குறைந்தது. நான் ஸ்டோர்ஸ் வாசலில் நின்றுகொண்டு உபதேசம் செய்தேன்.

"ஆராய்ச்சின்னா பொறுமை வேணும்மா."

"பொறுமை இருக்கு சார். நாள்தான் இல்ல."

"அவசரப்பட்டா கை நடுங்கும். நிதானமாப் பண்ணு."

"ஆமா சார். கைதான் சார் எனக்குச் சரியில்ல. ஏதோ தப்பு பண்றேன். என்னான்னு தெரியல."

விதி தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் தானாகத் தெரியவரும் என்று சொன்னேன் அல்லவா? எனக்குத் தெரியவந்த விதம் இது.

அக்டோபர் இரண்டாவது வாரம். கழிவுநீர் மாதிரி எடுக்கும் பாட்டில்களைக் கொடுத்துவிட்டு வர ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே சூப்பர்வைசர் என் பள்ளிக்கூடத் தோஸ்த், ஒரு பாய். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தோலில் இறங்கியவர். நான் போன நேரம் அவர் ஒரு ஈரத்தோலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், தோலோட சண்டை?"

"பாருய்யா இந்தப் பேஜாரை. அழுத்தினா விரல் தடம் அப்படியே நிக்கணும். இது ரப்பர் மாதிரி எழும்பி வருது. ஒரு டிரம்மு தோல் போச்சு."

தோல் மெத்தென்று ஆக, பதனிடுவதற்கு முன்னால் ஒரு பொடி போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வட்டாரத்தில் அது தெரியாமல் வளர முடியாது.

"பொடி கம்மியாப் போட்டீங்களா?"

"ஜாஸ்தியாவே போட்டேன்யா. பொடி செத்துப்போச்சு."

"பொடி எப்படி பாய் சாகும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாய்யா, அவ்ளோ பெரிய ஆபீஸ்ல கீறே, இதுகூடத் தெரியாதா? அது மண்ணா, உப்பா? மாட்டோட கணையத்துலேர்ந்து எடுக்கறது. உசுருள்ள சரக்கு. சூடு ஏறுச்சுன்னா காலி. நம்ம குடோன் கிளார்க்கு இருக்கானே, நல்லாப் படிச்சவன், திருட்டுப் போயிடும்னு தகர ஷெட்ல வெச்சுப் பூட்டியிருக்கான், இந்த வெயில்ல. நோட்டைப் பாரு, எல்லாம் கரெக்டா எழுதியிருக்கான். பூட்டைப் பாரு, சூப்பர் பூட்டு. உள்ள பொடி மட்டும் கடலமாவு ஆயிடுச்சு."

"சரி பாய். அப்புறமா எடுத்து ஃபிரிட்ஜ்ல வெச்சா?"

பக்கத்தில் தோல் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"வெந்த முட்டையை ஃபிரிட்ஜ்ல வெச்சா குஞ்சு வருமாய்யா?" என்றார் பாய். "ஏன்யா மூஞ்சி இப்படிப் போச்சு? டீ சொல்லட்டா?"

டீ குடிக்காமல் பஸ் ஏறினேன். உடனே போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. அந்த மூன்று நாளில் நான் கண்டுபிடித்த நியாயங்களை ஒரு கோப்பில் போட்டால் கட்டக் கயிறு தேவைப்படும். விதிப்படிதானே செய்தேன். கடிதத்தைப் பார்த்த டைரக்டர் ஏன் கேட்கவில்லை? ஆமணக்கும் மாட்டுக் கணையமும் ஒன்றா? ஒருவேளை அவள் கையே சரியில்லையோ என்னவோ, அவளே சொல்கிறாளே. இந்தக் கடைசி நியாயம் தோன்றியபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

நான்காம் நாள் அவளே என்னிடம் வந்தாள். வேலையை விட்டுப் போகிறவர்கள், எடுத்த சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக ஸ்டோர்ஸில் சான்று வாங்க வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். கையெழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளையுடையதுபோல இருந்தது.

"ரெண்டு குடுவை உடைஞ்சிடுச்சு சார். எழுதியிருக்கேன். அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. தறியில உக்காந்தாலாவது இந்தக் கை ஆகுமான்னு பாக்கறேன்."

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவன் மூடினேன்.

"அம்மா, உன் கையில தப்பில்ல."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க சார்."

"ஆறுதல் இல்லம்மா. அந்தக் குப்பி வந்தப்ப நான் ஃபிரிட்ஜ்ல வெக்கல. அந்த அலமாரியில வெச்சேன்."

அவள் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். எழுந்து போய் அதன் கதவில் உள்ளங்கையை வைத்தாள். அக்டோபரிலும் அது வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும்.

"எத்தினி நாள் சார்?"

"வியாழன் மத்தியானத்துலேர்ந்து திங்கள் மத்தியானம் வரைக்கும்."

"மே மாசம்."

"மே மாசம்."

உரக்கப் பேசியே பழகியவள், அன்றைக்குக் காதைத் தீட்டினால்தான் கேட்கும்படி பேசினாள். "அஞ்சு மாசம் சார். ராத்திரி பகலா என் கையை நானே திட்டிக்கிட்டேன். நீங்க அந்த வாசப்படியில நின்னு, பொறுமை வேணும் பொறுமை வேணும்னு சொன்னீங்க."

"சொன்னேம்மா."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நாலு நாள் முன்னாடி."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நெசவுக்காரர் வீட்டுப் பெண் துணிக் கடையில் பேரம் பேசுவதுபோலக் கேட்டாள்: "எழுதிக் குடுப்பீங்களா?"

அவள் கேட்டதில் காரணம் இருந்தது. நிறுவனத்தின் தவறால் ஆய்வு தடைப்பட்டது என்று எழுத்தில் பதிவாகியிருந்தால் உதவித்தொகையை ஆறு மாதம் நீட்டிக்கலாம். அப்படி ஒரு விதி இருந்தது. அந்த விதியின் எண்ணும் உட்பிரிவும் எனக்கு மனப்பாடம். நான்கு நாளாக அதை யாருக்கும் சொல்லத் தோன்றாதது வேறு விஷயம்.

"மூணு பிரதி எழுதிக் குடுக்கறேன்" என்றேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஸ்டோர்ஸில் பொருள் கெட்டுப்போனால் விசாரணை அதிகாரி ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு. விளக்கம் கொடுக்க வேண்டியவர், பொருளுக்குப் பொறுப்பானவர். அவரும் ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு. வேறு ஆளைப் போட வேண்டுமென்றால் அறக்கட்டளைக் குழு கூட வேண்டும், அது ஜனவரியில்தான் கூடும். அக்டோபர் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஆகவே, தாங்கள் ஏன் அவ்வாறு செய்தீர்கள் என்று எனக்கு நானே மெமோ அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டேன். நாற்காலியை மாற்றாமல் பதில் எழுதினேன். விதிப்படியே செய்ததாகவும், அந்த விதி தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை உணரத் தவறியதாகவும், உடன் வந்த கடிதத்தை நான்கு நாள் படிக்காமல் விட்டதாகவும் பணிவுடன் தெரிவித்தேன். அந்தப் பதிலைப் படித்தேன். திருப்திகரமாக இல்லை என்று ஓரத்தில் எழுதினேன். கண்டனம் பதிவு செய்யலாம் என்று பரிந்துரைத்தேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே நேர்மையான விசாரணை அதுதான்.

டைரக்டர் கோப்பைப் படித்தார். "நீங்க பேசாம இருந்திருக்கலாமேய்யா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். பிறகு, கடிதத்தில் தன் கையெழுத்து இருப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சட்டென்று ஒப்பமிட்டார். என் பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. அவளுக்கு ஆறு மாதம் கிடைத்தது.

வெளிநாட்டுப் புரொபசருக்கும் என் மெமோவின் சாரத்தை மொழிபெயர்த்து அனுப்பினாள். அவர் என்ன நினைத்தாரோ, இரண்டாவது குப்பி பிப்ரவரியில் மெட்ராஸ் விமான நிலையம் வந்தது. நானே போய் வாங்குகிறேன் என்றேன். அவள் ஒரு தாளில் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்தாள். மூன்று வரி. "போகும்போதே படிச்சிடுங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

மீன் வியாபாரி ஒருவரிடம் இரவல் வாங்கிய ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பகல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அரக்கோணத்தில் ஏறிய ஒரு குடும்பஸ்தர் மூக்கைச் சுளித்தார்.

"மீனா சார்?"

"இல்லீங்க. மருந்து."

"இன்னா மருந்து? மீன் வாசனை அடிக்குது."

உண்மையைச் சொல்லிப் பழக ஆரம்பித்திருந்த காலம் அது. "சரியாச் சொன்னா விஷம். பாதி விஷம்" என்றேன். காட்பாடி வரை அந்த இருக்கை முழுவதும் எனக்கே கிடைத்தது. ஜங்ஷனில் இறங்கி இன்னும் கொஞ்சம் ஐஸ் வாங்கிப் போட்டேன். ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் பெட்டியை வாங்கினாள், திறந்தாள், விரலால் தொட்டுப் பார்த்தாள், உள்ளே எடுத்துப் போனாள்.

பத்து நாள் கழித்து அவளுக்கு ரத்தம் வேண்டியிருந்தது. புற்றுநோய்ச் செல்களோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவருடைய வெள்ளணுக்கள் வேண்டும். வாட்ச்மேன் ஊசி என்றதும் கேட் பக்கம் போய்விட்டார். நான் சட்டைக்கையை மடித்தேன். அவள் மறுக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். மைக்ராஸ்கோப்பில் கட்டம் போட்ட கண்ணாடி இருந்தது.

"நீலச் சாயம் விட்டிருக்கேன் சார். உயிரோட இருக்கிற செல்லு சாயத்தை உள்ள விடாது. செத்தது குடிச்சிடும். பாருங்க."

பார்த்தேன். கட்டத்துக்குக் கட்டம் நீலம். திருவிழாவில் வண்ணப்பொடி கொட்டியதுபோல.

"எல்லாம் செத்துடுச்சும்மா!" என்று கத்தினேன்.

"அது கேன்சர் செல்லு. செத்ததுல அதிசயம் இல்ல சார். எந்த விஷத்தை ஊத்தினாலும் சாவும்." அவள் இன்னொரு கண்ணாடியைக் கையில் எடுத்தாள். "அதே மருந்துதான் இன்னொண்ணுலயும் விட்டிருக்கேன். அதுல இருக்கறது உங்க செல்லு. அதுவும் நீலமா இருந்துச்சுன்னா நாலு வருஷமும் வீண். எனக்குப் பாக்கத் தைரியம் வரல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவளே கண்ணாடியை மாற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள், கண்ணாடி மணிபோல.

"வெள்ளையா இருக்கும்மா."

"எல்லாமேவா?"

"நீலம் ஒண்ணு ரெண்டு இருக்கு. கம்மிதான்."

"கம்மின்னா எத்தினி சார்? கம்மின்னு பேப்பர்ல எழுத முடியாது. ஒவ்வொரு கட்டமா எண்ணுங்க. கோட்டு மேல நிக்கறதை ரெண்டு தடவை எண்ணிடாதீங்க."

எண்ணினேன். ஸ்டோர்ஸில் ஆணியும் புனலும் எண்ணிய பழக்கத்தில் வாய்விட்டு எண்ணினேன். முதல் கட்டத்தில் நீலம் ஒன்று. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் இரண்டு, அதில் ஒன்று தூசியாக இருக்கலாம் என்று தோன்றியதால் அதையும் சொன்னேன். மூலை நான்கும் முடித்து, நடுக் கட்டத்துக்கு வந்து, மொத்தத்தைச் சொன்னேன். என் உடம்பிலிருந்து வந்தவற்றில் அநேகமாக எல்லாமே, நான் செய்ததற்கெல்லாம் பிறகும், உயிரோடு இருந்தன.

திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருப்பாள், நான் ஏதாவது பெரிய மனிதத்தனமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அழவில்லை. குறிப்பேட்டைத் திறந்து பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்தாள்.

"எழுந்திருங்க சார்" என்றாள் பழைய உரத்த குரலில். "நகருங்க."

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்து, நான் சொன்ன எண்ணை எழுதிக்கொள்ளாமல், முதல் கட்டத்திலிருந்து தானே எண்ண ஆரம்பித்தாள்.